மோட்டார் சைக்கிளிடம் நான் கேட்டது

அந்த மோட்டார் சைக்கிள் எங்கள் கொட்டிலுக்குள் இருபது வருடம் நின்றது. மேலே ஒரு பச்சைத் தறப்பாள். தறப்பாளுக்கு மேலே மகளின் பழைய சறுக்கு வண்டி, உடைந்த கதிரை, பூமரத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாய். டென்மார்க்கின் சில்க்போர்க் நகரத்தில் நாங்கள் இருந்த மாடிவீட்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கீழே ஒரு சின்ன மரக்கொட்டில் உண்டு. மற்றவர்கள் அதற்குள் சைக்கிள் வைத்தார்கள். நாங்கள் ஓடாத மோட்டார் சைக்கிளை உள்ளே வைத்துவிட்டு, ஓடுகிற சைக்கிள்களை மழையில் விட்டோம்.

அது டென்மார்க்கிலேயே செய்தது. கறுப்பு நிறம். வயது என்னைவிடக் கூட. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என் கணவர் ஒரு கமக்காரரிடம் வாங்கி வந்தார். ஒரு கோடைகாலம் ஓடினார். பிறகு மகள் பிறந்தாள், வேலை இரண்டு நேரமாகியது, ஒருநாள் அது நின்றது. வாற சனிக்கிழமை திருத்துவேன் என்று தறப்பாளைப் போட்டு மூடினார். அந்தச் சனிக்கிழமை வரவேயில்லை.

வந்தது வன்னியில் போர் முடிந்த வருடத்தில்தான்.

எனக்கு ஒரே ஒரு தம்பி. மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் கிளிநொச்சியில் இருந்தவன், இடம்பெயர்ந்து விசுவமடுவுக்குப் போயிருந்தான். தை மாதம் யாருடைய தொலைபேசியிலிருந்தோ எடுத்தான். "அக்கா, இஞ்சையிருந்தும் வெளிக்கிடுறம். எங்கை எண்டு தெரியாது. போய்ச் சேந்தாப் பிறகு எடுக்கிறன்" என்றான். பின்னால் உழவு இயந்திரம் இரைகிற சத்தம். அவன் வேறும் ஏதோ சொன்னான், அது எனக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அழைப்பு இல்லை.

அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் தொலைக்காட்சி நிறுத்தப்படுவதில்லை. நான் முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கிற பகுதியில் வேலை. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுமுன் "ஏதும் சொன்னவையோ?" என்று கேட்பேன். என் கணவர் முழங்கால் பழுதாகி வேலையை விட்டிருந்தார். நாள் முழுக்க அதற்கு முன்னால்தான் இருப்பார். முதலில் தொலைக்காட்சியைப் பார்த்து ஏசினார். பிறகு ஏசுவதை விட்டார். சாப்பாட்டைத் தொட்டுவிட்டு வைத்தார். ஏசுகிற மனிதரோடு வாழ்ந்து பழகியவளுக்கு ஏசாத மனிதரைப் பார்க்கப் பயமாக இருந்தது.

மாசியில் ஒருநாள் காலை, தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிப் போனார். யன்னலால் பார்த்தேன். கொட்டிலைத் திறந்து தறப்பாளை இழுத்துக்கொண்டிருந்தார். இறங்கிப் போனேன்.

"என்னப்பா செய்யிறியள்?"

"பாத்துக்கொண்டு இருக்கேலாது. கைக்கு ஏதாவது வேணும்."

முன் விளக்குக்குள் எலி கூடு கட்டியிருந்தது. கூட்டுக்குள் சிவப்புக் கம்பளி நூல். எந்த வருடமோ காணாமற்போன என்னுடைய கையுறை அது. இருக்கையின் தோல் வெடித்து, கம்பிச் சுருள் வெளியே தெரிந்தது. இரண்டு ரயரும் நிலத்தோடு ஒட்டிப்போய் நின்றன.

கீழ் வீட்டில் ஒரு டெனிஷ்காரர் தனியே இருந்தார். எண்பது வயது தாண்டியவர். கோப்பிப் போத்தலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"செத்ததை ஏன் எழுப்புகிறாய்?" என்று டெனிஷில் கேட்டார்.

"சாகேல்லை. நித்திரை" என்றார் என் கணவர், அதையும் டெனிஷில்.

"இருபது வருட நித்திரையா? என் மனைவிகூட அவ்வளவு தூங்கியதில்லை."

அன்றிலிருந்து அவர் ஒவ்வொரு நாளும் வந்தார். ஒரு பியர்ப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்து, செய்வதெல்லாம் பிழை என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லி முடிந்தபின் தன் கொட்டிலுக்குப் போய், புரியாணி கழற்றத் தேவையான சாவியை எடுத்து வருவார்.

எஞ்சின் இறுகிப் போயிருந்தது. பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகளுக்குள் டீசலும் எண்ணெயும் கலந்து விட்டு, அப்படியே விட்டார்கள். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, இரண்டு கிழமை. தினமும் காலையில் என் கணவர் போய்ப் பின்சில்லைப் பிடித்து முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டிப் பார்ப்பார். அசையாது. பலவந்தம் பண்ணினால் உள்ளே உடைந்துவிடும், ஊறத்தான் விடவேண்டும் என்றார். ஒரு நாள் சில்லு ஒரு விரல் அகலம் அசைந்தது. அன்றைக்கு அவர் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். அதைப் பார்த்த பிறகு நானும் வேலையால் வந்து கீழே இறங்கத் தொடங்கினேன். விளக்குப் பிடிப்பேன். கழற்றிய புரியாணிகளைக் கோப்பைகளில் வேறு வேறாகப் போட்டு வைப்பேன். எந்தக் கோப்பையில் எது என்று எனக்குத்தான் தெரியும். அவர் மறந்துபோவார்.

பெற்றோல் தாங்கிக்குள் எல்லாம் துரு. வினாகிரியும் ஒரு கைபிடி பழைய புரியாணிகளும் போட்டு, அவரும் டெனிஷ்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினார்கள். கிலுக்குச் சத்தத்தில் மேல்வீட்டுப் பெண் யன்னலைத் திறந்து பார்த்தாள். உள்ளேயிருந்து சிவப்பாகத் தண்ணீர் வந்தது. நாலைந்து நாள் குலுக்கியபின்தான் தெளிந்தது.

சித்திரை மாதம் ஒரு பின்னேரம் காபரேற்றரை மேலே கொண்டு வந்தார். காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற சாமான் அது. அதன் சின்னச் சின்னப் பித்தளை உறுப்புகளில் பழைய பெற்றோல் பிசின்போல ஒட்டிக் காய்ந்திருந்தது. குசினி மேசையில் இருந்து, மெல்லிய கம்பி ஒன்றை ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் விட்டுத் துப்புரவாக்கினார். ஊசி நுனியும் போகாத ஓட்டைகள்.

"ஓட்டையெல்லாம் முடிஞ்சுது. இனி வெளிப்பக்கம். பித்தளை மினுக்கிறது உம்மட வேலையெல்லே" என்றார்.

உண்மைதான். வெள்ளிக்கிழமைகளில் குத்துவிளக்கைப் பழப்புளி போட்டு மினுக்குகிற கை இது. இவற்றையும் புளிக்குள் ஊறப்போட்டு, அதன் தும்போடு சேர்த்துத் தேய்த்துக் கழுவினேன். பொன்போல வந்தது. அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சாமி அறையிலை வைக்கலாம் போல கிடக்கு" என்றார். அப்படியே கொண்டுபோய் எஞ்சினில் பூட்டினார்.

தேய்த்துக்கொண்டு நின்றபோதுதான் நான் அதைச் செய்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு விஷயம் தெரியாவிட்டால் பூக் கட்டிப் பார்ப்பார்கள். ஒரு சுருளுக்குள் வெள்ளைப் பூ, இன்னொரு சுருளுக்குள் சிவப்புப் பூ. சாமிக்கு முன்னால் வைத்து, ஒரு சின்னப் பிள்ளையைக் கொண்டு ஒன்றை எடுப்பிப்பார்கள். வெள்ளை வந்தால் நல்ல செய்தி. பல நாளாக எனக்கு அந்த நினைப்பு. ஆனால் எங்கள் வீட்டில் பூ எடுக்கச் சின்னப் பிள்ளை இல்லை. மகள் வளர்ந்து ஓகூஸ் நகரத்தில் வேலை செய்தாள். இன்னொருவர் வீட்டுப் பிள்ளையை இரவல் கேட்க எனக்கு வாய் வராது. அப்படிக் கேட்டால் எதற்கென்றும் சொல்லவேண்டும். குழாய்த் தண்ணீரில் அந்தப் பித்தளையைப் பிடித்துக்கொண்டு, இது ஓடினால் தம்பி இருக்கிறான் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிடக் கேட்டேன் என்றுதான் சொல்லவேண்டும். கேட்டவுடன் மனம் ஆறுதலானது. ஓடாவிட்டால் என்ன என்பதை யோசிக்கவேயில்லை.

வைகாசி மாதத் தொடக்கத்தில் ஒரு பின்னேரம், கீழ் வீட்டு யன்னலில் மெழுகுதிரிகள் வரிசையாக எரிந்தன. எதிர்மாடியிலும் சில யன்னல்களில் எரிந்தன. மகளுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். அவர்களுடைய போர் முடிந்த நாள் அது, அதற்காக வருடா வருடம் ஏற்றுவார்கள் என்றாள். இத்தனை வருடம் இருந்தும் நான் கவனித்ததில்லை. மறுநாள் டெனிஷ்காரர் சொன்னார், அப்போது தனக்குப் பதினேழு வயதாம், போர்க்காலத்தில் வெளிச்சம் வெளியே தெரியாமல் கட்டியிருந்த இருட்டுச் சீலையை யன்னலிலிருந்து கிழித்து எறிந்தாராம். எங்களுடையது எப்போது முடியும் என்று கேட்டார். என் கணவர் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு, "கெதியாய் முடிஞ்சிடும்" என்றார்.

பிறகு ஒரு சனிக்கிழமை எல்லாம் பூட்டி முடிந்தது. புதுப் பெற்றோல் விட்டார்கள். கொட்டிலுக்கு வெளியே உருட்டி வந்து நிறுத்தினார்கள். என் கணவர் பழுதில்லாத காலால் உதைத்தார். பத்துத் தரம். இருபது தரம். இருமல்கூட வரவில்லை. டெனிஷ்காரர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், நெருப்புப் பொறி நன்றாக இருந்தது. மறுபடியும் உதைத்தார். வியர்வையில் சேர்ட் முதுகோடு ஒட்டியது. நான் சுவரோடு நின்றேன். "முழங்கால் போச்சு, நாளைக்குப் பாப்பம்" என்று அவர் சொன்னபோது, எனக்கு விடை கிடைத்துவிட்டது.

நாளைக்கு அவர் பார்க்கவில்லை. திங்கட்கிழமை எல்லாம் முடிந்தது என்று தொலைக்காட்சி சொன்னது. அதற்குப் பிறகு ஒருவரும் கொட்டில் பக்கம் போகவில்லை.

நான் சாமி விளக்கைக் கொளுத்துவதை நிறுத்தினேன். மீன் சமைக்கவில்லை. அந்த நாட்களில் தமிழ் வீடுகள் எல்லாமே செத்தவீடு மாதிரித்தான் இருந்தன. அதனால் என் கணவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. பத்து நாட்களுக்குப் பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை, அவரே தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு விளக்குக்குக் கிட்டப் போனார்.

"கொளுத்தாதேங்கோ" என்றேன்.

"ஏன்?"

"செத்தவீட்டுத் துடக்கு."

தீப்பெட்டியைப் பிடித்தபடி திரும்பினார். "ஆற்ற துடக்கு?"

"தம்பியின்ர."

கதிரையைத் தடவி இருந்தார். "ஆர் எடுத்தது? எப்ப எடுத்தது? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"ஒருத்தரும் எடுக்கேல்லை."

"பின்னை?"

"அண்டைக்கு அது வரேல்லைத்தானே."

"எது?"

"கீழை நிக்கிறது."

அவர் யன்னலால் கொட்டிலைப் பார்த்தார். "மோட்டச்சைக்கிள் சொன்னதோ உமக்கு?"

"நான் கேட்டனான். ஓடினால் இருக்கிறான் எண்டு."

"ஓடாட்டில்?"

நான் கொளுத்தாத விளக்கைப் பார்த்தேன்.

"பத்து நாளாய் ஒருத்தருக்கும் தெரியாமல் செத்தவீடு நடத்தியிருக்கிறீர். அவன் இருக்கிறானோ இல்லையோ எண்டு ஆருக்கும் தெரியாது. நீர் எரிச்சு முடிச்சிட்டீர்." அவர் கத்தவில்லை. தீப்பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, வீட்டுச் செருப்போடு இறங்கிப் போனார்.

அரை மணித்தியாலம் கழித்து, கீழேயிருந்து மாடி முழுக்கக் கேட்கக் கூப்பிட்டார். "இஞ்சாரும்! இறங்கி வாரும்!"

போனேன். காபரேற்றர் திறந்து கிடந்தது. அவருடைய உள்ளங்கையில் அந்தப் பித்தளை உறுப்புகளில் ஆகச் சின்னது. மற்றக் கையில் ஒரு குண்டூசி. ஊசி நுனியில் மண்ணிற நார் ஒன்று, கண்ணிமை மயிர் அளவு.

"என்ன இது?"

எனக்குக் கண்டவுடன் தெரிந்தது. "புளித் தும்பு."

"ஓம். உம்மட புளித் தும்பு. நான் கம்பி விட்டுத் துப்பரவாக்கித் தந்த ஓட்டையை நீர் புளி போட்டு அடைச்சுத் தந்தீர். நானும் மினுக்கத்தைப் பாத்து மயங்கி, திருப்பிப் பாக்காமல் பூட்டிப்போட்டன். பெற்றோலை மறிச்சது இது. உம்மட தம்பி எங்கையிருந்து மறிக்கிறது?"

டெனிஷ்காரர் பியர்ப் பெட்டியில் இருந்து எழும்பி வந்து, அது என்ன என்று கேட்டார். என் கணவர் விளங்கப்படுத்தினார். இதைச் சாப்பிடுவீர்களா என்று கேட்டார். ஒவ்வொரு நாளும் என்றார் இவர். அவர் அந்த நாரைக் கிட்டப் பிடித்துப் பார்த்து, "அப்படியென்றால் உங்கள் வயிறு ஓடுவதே பெரிய விஷயம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கி, அது அழுகையாகி, இரண்டு ஆண்களுக்கு முன்னால் நிறுத்த முடியாமல் நின்றேன். டெனிஷ்காரர் தன் கோப்பியை எடுத்துக்கொண்டு மெல்ல உள்ளே போய்விட்டார்.

"இப்ப பூட்டி உதைச்சால் வரும்" என்றார் என் கணவர். "வந்தால் என்ன சொல்லுவீர்?"

பொய் சொல்ல நினைத்தேன், முடியவில்லை. "இருக்கிறான் எண்டு சொல்லுவன்."

அவர் எடுத்த திருகு சாவியைத் திரும்பக் கீழே வைத்தார். "அப்ப நான் உதைக்க மாட்டன். இது பழஞ் சாமான். இண்டைக்கு ஓடும், நாளைக்கு நிக்கும். நிக்கிற ஒவ்வொரு தரமும் நீர் விளக்கை நூத்துப்போட்டு இருப்பீர். கட்டினதை முதல் அவிழ்த்துவிடும். பேந்து உதைக்கிறன்."

எல்லாம் பூட்டி, தறப்பாள் போட்டு, கொட்டிலைச் சாத்தினார். அன்று பின்னேரம் நான் விளக்குக் கொளுத்தினேன். ஆனால் மனதில் கட்டியதை அவிழ்ப்பது எப்படி என்று தெரியவில்லை. கட்டும்போது ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. அவிழ்க்க எந்தச் சொல்லைச் சொல்வது?

ஆடி மாதம் தம்பியின் மனைவி எடுத்தாள். வவுனியாவில் முகாமில் இருந்து. பிள்ளைகள் இரண்டும் தன்னோடு இருப்பதாக முதலில் சொன்னாள். பிறகுதான் அவனைப் பற்றிச் சொன்னாள்.

"கடைசி நாள் வரிசையிலை நிண்டனாங்கள் மச்சாள். ஆமிக்காரர் ஆம்பிளையளை வேறையாய் எடுத்தவை. அவரைப் பஸ்ஸிலை ஏத்தேக்கை, 'விசாரிச்சுப்போட்டு விடுவினம், நீ பிள்ளையளோடை போ' எண்டவர். பஸ் போறதைப் பாத்துக்கொண்டு நிண்டனான். கேக்கிற இடமெல்லாம், அப்பிடி ஒருத்தர் இல்லை எண்டு சொல்லினம்."

நான் "ஓம்" என்று மட்டும் சொன்னேன்.

"இஞ்ச சாத்திரம் சொல்லுற அம்மா ஒராள் இருக்கிறா. இருக்கிறார் எண்டுதான் சொன்னவ. நீங்களும் அங்கை எங்கையாவது பாத்தனீங்களோ மச்சாள்?"

கேட்கிறவளுக்கு ஒரு சொல் வேண்டும். எனக்குக் கீழே, தறப்பாளுக்குள், அந்தச் சொல் ஆயத்தமாக நின்றது. உதைத்தால் வரும். வந்தது, அவன் இருக்கிறான் என்று நான் சொல்லலாம். அவள் பிள்ளைகளுக்குச் சொல்வாள். அந்தப் பத்து நாளும் எனக்கு ஞாபகம் வந்தது. யாரும் சொல்லாத ஒரு விடையை வைத்துக்கொண்டு, அதை உண்மையென்று நம்பி, சோறு தின்று, வேலைக்குப் போய் வந்த நாட்கள். அது 'இல்லை' என்ற விடை. 'ஓம்' என்ற விடையும் அதே இடத்திலிருந்துதான் வரும்.

"இல்லை மச்சாள். பாக்கேல்லை. இனிப் பாக்கவும் மாட்டன்" என்றேன். "நாங்கள் தேடுவம்."

அவளுக்கு அது போதவில்லை என்று குரலில் தெரிந்தது.

காணாமற்போனவர்களைத் தேடித் தருகிற ஒரு அலுவலகத்தின் படிவத்தை மகள் கொண்டுவந்தாள். குசினி மேசையில் இருந்து டெனிஷில் வாசிப்பாள், நான் தமிழில் சொல்வேன், அவள் டெனிஷில் எழுதுவாள். உயரம். நிறம். கடைசியாக எங்கே. ஒரு கேள்வியில் நின்று யோசித்துவிட்டு, "ஆளை எதைக் கொண்டு கண்டுபிடிக்கலாம்?" என்று தமிழில் கேட்டாள். இடது புருவத்தில் வெட்டுக் காயம் என்றேன். பகிடி சொல்லுமுன் தானே சிரித்துவிடுவான் என்றேன். அதை எழுத முடியாது என்று டெனிஷில் சொன்னாள். "எழுது" என்றேன். என்னை ஒருதரம் பார்த்தாள். எழுதினாள். கீழே நான் தமிழில் கையெழுத்து வைத்தேன். அந்த அலுவலகத்திலிருந்து இடைக்கிடை கடிதம் வருகிறது. தகவல் இல்லை, தேடுகிறோம் என்றுதான் இன்றுவரை இருக்கிறது.

படிவத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்த அன்று, என் கணவர் மோட்டார் சைக்கிளை வெளியே உருட்டி நிறுத்திக்கொண்டு நின்றார். மரங்களில் இலை பழுக்கத் தொடங்கியிருந்தது.

"அவிழ்த்திட்டீரோ?"

"ஓம்."

"ஒண்டும் கேக்க மாட்டீர்?"

"கேக்க மாட்டன். உதையுங்கோ."

முதல் உதையில் ஒரு பெருமூச்சு. இரண்டாவதில் ஒரு இருமல், பின்னால் நீலப் புகை. மூன்றாவதில் ஒன்றுமில்லை. நாலாவதில் பிடித்தது. முதலில் தடுக்கித் தடுக்கி, பிறகு ஒரே சீராக. தையல் மெஷினைவிடக் கனமான, ஆழமான சத்தம். கொட்டிலின் பலகைகள் அதிர்ந்தன. கீழ் வீட்டு யன்னல் திறந்தது. டெனிஷ்காரர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினார்.

ஒன்றும் கேட்க மாட்டேன் என்று நான் சொன்னது பொய். முதல் உதையிலேயே கேட்டுவிட்டேன்.

என் கணவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி எண்ணெய்த் துணியால் துடைத்தார். திரும்பியபோது கன்னமெல்லாம் கறுப்பு.

"நீங்களும் கேட்டனீங்கள்தானே?" என்றேன்.

அவர் எஞ்சின் நின்றுவிடாமல் இருக்கக் கைப்பிடியை விடாமல் திருகிப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"பேசாமல் ஏறும்" என்றார்.